இளவெயிலும் கீழாநெல்லியும்

கைவைத்தியம் – 9

பிறந்து மூன்று நாளான குழந்தையின் முகம் மஞ்சள் பூத்திருந்தால், பார்க்க வருகிற ஆச்சி முதலில் சொல்வது: "காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டும்மா, எறங்கிரும்." அதே மஞ்சள் பெரியவர் ஒருவரின் கண்ணில் தெரிந்தால், "கீழாநெல்லிய அரைச்சு மோருல குடுங்க." இந்த இரண்டு கைவைத்தியங்களும் நம் வீடுகளில் இன்றும் நடப்பில் இருக்கின்றன. இரண்டையும் மருத்துவ உலகம் உட்கார்ந்து சோதித்தும் பார்த்திருக்கிறது. ஒன்று தேறியது. மற்றொன்று முதல் சோதனையில் பிரமாதமாகத் தேறி, அடுத்தடுத்த சோதனைகளில் தோற்றது. இந்த வாரம் மஞ்சள் காமாலை.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு என்றொரு ஊர். அங்கிருந்த பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் பிரிவை 1956-ல் கவனித்துவந்தவர் வார்டு என்ற செவிலியர். இன்குபேட்டருக்குள் இருக்கும் வெக்கையைவிட வெளிக்காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்பது அவருடைய நம்பிக்கை. வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஒருநாள் மருத்துவர் டாப்ஸ் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, வார்டு தயங்கித் தயங்கி ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அழுத்தமான மஞ்சள். என்ன மருந்தைப் பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். எதையும் பூசவில்லை, போர்வையின் முனை மூடியிருந்த இடம் அது, மற்ற இடமெல்லாம்தான் வெயிலில் வெளுத்துவிட்டது என்று வார்டு சொல்லியிருக்கிறார். யாரும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில வாரங்கள் கழித்து, கடுமையான காமாலை கண்ட இன்னொரு குழந்தையின் ரத்தம் இருந்த சோதனைக் குழாய் ஒன்று ஆய்வுக்கூடத்தில் வெயில் படும் இடத்தில் பல மணி நேரம் கிடந்துவிட்டது. பிறகு அளந்தபோது அதில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. மீண்டும் ரத்தம் எடுத்து உடனே அளந்தால் அளவு கூடுதலாகவே வந்தது. வார்டு காட்டிய முக்கோணம் அப்போதுதான் மருத்துவர்களுக்குப் புரிந்தது. அங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் கிரேமரும் அவருடன் இருந்தவர்களும் முதலில் வெயிலிலும், பிறகு நீல ஒளி தரும் குழல்விளக்குகளைத் தொட்டிலுக்கு மேல் கட்டியும் சோதித்து, 1958-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். உலகம் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜெரால்டு லூசி முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தி 1968-ல் வெளியிட்ட பிறகுதான் இந்த சிகிச்சை பரவியது. அதற்கு முன்னால் கடுமையான காமாலைக்கு இருந்த வழி, தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாகக் குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வேறு ரத்தம் ஏற்றுவது. இன்று அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் நாம் பார்க்கும் நீல விளக்குக்கு மூலம், ஒரு செவிலியர் தன் கண்ணால் கண்டதை எடுத்துச் சொன்னது. பெரிய பட்டங்கள் இல்லாதவர் சொன்னார் என்பதற்காக அதை ஒதுக்கியிருந்தால் எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போம் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது? கருவறையில் இருக்கும் பிள்ளைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். பிறந்ததும் அவை வேகமாக உடைகின்றன. உடையும்போது பிலிருபின் உண்டாகிறது. அதை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்தப் பக்குவம் வரச் சில நாட்களாகும். அதுவரை பிலிருபின் தோலில் தேங்குகிறது. தோலில் படும் நீல ஒளி அந்தப் பொருளின் வடிவத்தையே திருப்பிவிடுகிறது. திரும்பிய வடிவம் கல்லீரலின் உதவிக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் கலந்து போய்விடும். நிறைமாதக் குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் இந்த மஞ்சள் தெரியும். குறைமாதக் குழந்தைகளில் இன்னும் கூடுதல். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானாக இறங்கிவிடும்.

ஆச்சி சொன்னதில் உண்மை இருக்கிறது. அளவுதான் இல்லை. விளக்கின் அடியில் குழந்தை மணிக்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று நாட்கள், கண்ணை மட்டும் மூடிக் கிடக்க வேண்டியிருக்கிறது. வாசல்படியில் காட்டும் கால்மணி நேர இளவெயில் அதற்கு ஈடாகாது. அதிக நேரம் காட்டினால் தோல் வெந்துபோகும், உடல் சூடேறும், நீர் வற்றும். வெயிலைச் சரியாக வடிகட்டினால் அதையே சிகிச்சையாக்க முடியும் என்பதை நைஜீரியாவில் செய்து காட்டினார்கள். மின்சாரம் நிலையாக இல்லாத அங்கே, புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தடுத்து நீல ஒளியை உள்ளே விடும் படலத்தைப் பந்தல்போல் கட்டி, அதன் கீழே தாயும் பிள்ளையும் இருக்கும்படி செய்தார்கள். வழக்கமான விளக்கு சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று 2015-ல் ஆய்வு முடிவு வந்தது. ஆனால் அங்கே செவிலியர் அருகில் இருந்தார், வெப்பம் பார்த்தார், பிலிருபினை அளந்தார். வீட்டு முற்றத்தில் அளப்பவர் யாரும் இல்லை. எனக்குள்ள கவலை இதுதான். பிலிருபின் மிக அதிகமானால் மூளைக்குள் இறங்கிவிடும். அதன் விளைவு காது கேளாமை, கை கால் விறைப்பு, சில சமயம் உயிரிழப்பு. இறங்கிய பிறகு அதைத் திரும்ப எடுக்க மருந்து கிடையாது.

பிரசவமான இரண்டாம் நாள், மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவதால் மஞ்சள் உச்சத்துக்கு வரும்போது குழந்தை வீட்டில் இருக்கிறது. ஆகவே வீட்டிலுள்ளவர்களின் கண்தான் காவல். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றி, நெஞ்சு, வயிறு, பாதம் என்று விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் வெயிலுக்காகக் காத்திருக்கும் நேரம் அல்ல அது, 108-ஐ அழையுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடிய உண்மையான கைவைத்தியம் ஒன்று உண்டு: தாய்ப்பால். நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. பிலிருபினின் பெரும்பகுதி மலத்தோடுதான் வெளியேறுகிறது. குழந்தையின் முதல் கருமலம் தாமதமானால் குடல் அந்தப் பிலிருபினை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். சீம்பால் அந்த மலத்தை இளக்கித் தள்ளுகிறது. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, தெருவில் வரும் கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றுவது எல்லாம் அந்தச் சின்ன வயிற்றை நிரப்பித் தாய்ப்பாலைக் குறைக்கும்; கூடவே கிருமியையும் கொண்டுவரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு விரிக்கவென்று பெட்டியிலிருந்து எடுக்கும் பழைய பருத்திச் சேலையில் பாச்சை உருண்டை வாசனை இருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவு. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் பட்டால் அவர்களுடைய சிவப்பணுக்கள் கொத்தாக உடைந்து காமாலை ஒரேயடியாக ஏறும். சேலையைத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயப்போட்டு விரியுங்கள். இன்னும் நல்லது, பாச்சை உருண்டை போட்ட துணியே பிள்ளைக்கு வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்தும் மஞ்சள் போகாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்து, சிறுநீர் துணியில் கறை படும் அளவு மஞ்சளாக இருந்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். இதை வெயிலும் தீர்க்காது, நீல விளக்கும் தீர்க்காது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை இருக்கிறது. பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். தாமதமானால் கல்லீரல் சுருங்கிவிடும், மாற்றுக் கல்லீரல்தான் வழி. குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நாட்களைக் கடத்தாதீர்கள். இந்த நோயில் தொடக்கத்தில் குழந்தை நன்றாகவே தோன்றும்.

இனி கீழாநெல்லி. வரப்போரத்திலும் செங்கல் இடுக்கிலும் முளைக்கும் இந்தச் சிறு செடியை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காமாலைக்குக் கொடுத்துவந்ததை எடுத்துச் சோதித்தவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன். அவருடன் சேர்ந்தவர் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க். வைரஸ் உடலிலேயே தங்கிவிட்டவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் இதுவும் 'லான்செட்'டில் வந்தது. நம் வரப்போரச் செடிக்கு அப்படியொரு மேடை கிடைத்ததை நினைக்கும்போது இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள். விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும் இந்த முடிவை நான் ஏற்கிறேன்.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமானோம் என்று சொல்லும் ஆயிரக்கணக்கானோர்? அவர்களில் பலருக்கு வந்திருப்பது தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அவை பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்திருக்கும். சுத்தமாகக் கழுவி அரைத்து, மோரில் ஒரு நெல்லிக்காயளவு குடிப்பதைப் பற்றி நான் சண்டைக்கு வரமாட்டேன். மருத்துவரிடம் மட்டும் அதைச் சொல்லிவிடுங்கள். கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவதையும், கையில் சூடு வைப்பதையும் யார் செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பத்தியத்திலும் ஒரு திருத்தம் தேவை. உப்பில்லை, எண்ணெயில்லை, மஞ்சள்தூள் இல்லை, பருப்பில்லை என்று வெறுங்கஞ்சியில் நோயாளியைக் காயப்போடுகிறோம். சீராகிக்கொண்டிருக்கும் கல்லீரலுக்கு மாவுச்சத்தும் புரதமும் வேண்டும். குமட்டல் இருக்கும் நாட்களில் எண்ணெய் தானாகவே பிடிக்காது, அப்போது குறைத்துக்கொள்ளலாம். இட்லி, குழைந்த பருப்புச் சாதம், மோர், பழம், பிடித்தால் முட்டை எல்லாம் கொடுக்கலாம். சமையல் மஞ்சளுக்கும் உடம்பின் மஞ்சளுக்கும் தொடர்பே இல்லை. கரும்புச் சாறு இனிப்புக்கு நல்லதுதான், ஆனால் தெருவோரத்தில் அதில் போடும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. காமாலையைத் தந்த தண்ணீரையே மருந்தென்று குடிப்பதாகிவிடும். மதுவை அறவே விட வேண்டும்; பாராசிட்டமால் மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

வயலில் இறங்கி வேலை செய்பவருக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்போடு மஞ்சளும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சாதாரண ஆன்டிபயாடிக்கில் குணமாகக்கூடிய அந்த நோய், பத்துநாள் மூலிகையில் காத்திருந்தால் சிறுநீரகத்தைக் கொண்டுபோகும். முதியவருக்கு வலியே இல்லாமல் மஞ்சள் ஏறி, அரிப்பும் வெளிறிய மலமும் சேர்ந்தால் ஸ்கேன் எடுக்கத் தாமதிக்காதீர்கள். நோயாளியின் பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ கல்லீரல் செயலிழக்கிறது என்று பொருள்.

கர்ப்பிணிக்கு வரும் காமாலையை ஒருநாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களிடம் சாதுவாக வந்துபோனாலும், கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவரின் உயிரைக்கூடப் பறிக்கக்கூடியது. கொதிக்க வைத்து ஆறிய நீரை அவர்களுக்குத் தனியாக எடுத்து வைப்பது வீட்டிலுள்ள அனைவரின் பொறுப்பு. கர்ப்ப காலத்திலேயே ஹெபடைடிஸ் பி சோதனையும் செய்துவிட வேண்டும். தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யுனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி உண்டு. வைரஸ் தங்கிவிட்ட பெரியவர்களுக்கான சோதனையும் மாத்திரையும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பிரசவ வார்டிலிருந்து கிளம்பும் முன் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் அந்த ஊசி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.