ஊசிக்கும் காலம் உண்டு

சென்ற பருவத்தில் ஓர் இரவு, முதலாண்டு நண்பர் ஒருவரை விடுதி வாயிலில் நாய் கடித்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று புண்ணில் மிளகாய்ப் பொடியை அப்பிக்கொண்டு படுத்துவிட்டார். ஊருக்குப் புதியவர், இந்தி பேச வராது, டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம் வேறு. இரண்டு நாள் கழித்தே எங்களுக்குச் செய்தி எட்டியது. உடனே அருகிலிருந்த டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். "கடித்த அன்றே ஏன் வரவில்லை?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

அக்கேள்வியில் ஒரு விஞ்ஞான உண்மை அடங்கியிருக்கிறது. தடுப்பூசி நம் உடலுக்குக் கற்பிக்கும் பாடம். வலுவிழந்த கிருமியையோ அதன் ஒரு கூறையோ காட்டி, பகைவனை அடையாளம் சொல்கிறோம். உடல் அதைக் கற்று எதிர்ப்பொருளை உண்டாக்க ஏறத்தாழ ஒரு வாரமாவது ஆகும்.

வெறிநாய்க்கடிக் கிருமி நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக ஊர்வது. அது போய்ச் சேருமுன் உடல் ஆயத்தமாகிவிட்டால் பிழைத்தோம். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே, கடித்தவுடன் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. அன்றே முதல் ஊசி. பின்னர் 3, 7, 28ஆம் நாட்களில். தசையில் போடும் முறையானால் 14ஆம் நாளும் உண்டு. இரத்தம் கசிந்த கடியாயின், உடல் ஆயத்தமாகும் வரை காக்க, ஆயத்த எதிர்ப்பொருளையும் புண்ணிலேயே செலுத்துவர். தாமதமாகிவிட்டதே என்று எவரும் போகாமலிருக்க வேண்டாம். நம் நண்பர் எல்லா ஊசிகளையும் முடித்து, இன்று நலமாக இருக்கிறார்.

குழந்தைகளுக்கும் இதே கணக்குத்தான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி முதலியவற்றுக்கான ஊசியை 6, 10, 14ஆம் வாரங்களில் போடுகிறார்கள். ஒரு முறை படித்த பாடம் மறந்துபோகும். திரும்பப் படித்தால் நிலைக்கும். ரணஜன்னி ஊசியைப் பெரியவர்களும் பத்தாண்டுக்கு ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ செல்லும் நண்பர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படும் நாளில் தேடிப் பயனில்லை. போட்டுக்கொண்ட பத்து நாள் கழித்தே அதன் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும். அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே அவ்வூசி போடப்படும்.

அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, உங்கள் பழைய தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நாய் கடித்தால் மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். எங்களில் ஒருவரை எழுப்புங்கள். நள்ளிரவானாலும் உடன் வருவோம்.