எரியவில்லை என்று நினைத்தேன்

பிறையில் உலோக முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த காலம். கழுவும் தொட்டியிலிருந்து காஸ்டிக் சோடா கரைசல் சிந்தி என் பூட்ஸுக்குள் இறங்கியது. அமிலமாக இருந்தால் துள்ளியிருப்பேன். இது சோப்பு நீர்போல் வழுவழுத்தது, அவ்வளவுதான். ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம். முடித்துவிட்டே போகலாம் என்று நின்றேன்.

அந்த வழுவழுப்பு சோப்பேதான், என் தோலின் கொழுப்பிலிருந்து உருவானது என்றார் மருத்துவர். அமிலம் பட்ட சதை பெரும்பாலும் கெட்டிப்பட்டு, மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியல்ல; சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். வலி தாமதமாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தபோது காலுறையோடு தோலும் வந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள்.

உடனே பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது காலைக் காட்டியிருக்க வேண்டும். பிறகு மருத்துவமனை. எலுமிச்சையோ வினிகரோ ஊற்று என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தேடும் நேரத்தில் காயம்தான் ஆழமாகும்.

தொட்டிக்குப் பத்தடி தள்ளி அவசர ஷவர் இருந்தது. அதன் முன்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அடுக்கியவர்களில் நானும் ஒருவன்.