காக்கை கொத்துகிறதா, ஊட்டுகிறதா?
படத்தில் இருக்கும் குஞ்சு யார்?

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். அதன் மேல் ஒரு கறுப்புக் குஞ்சு. வாயை 'ஆ'வென்று திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒரு காகம். காகத்தின் அலகு குஞ்சின் வாய்க்குள் பாதி புதைந்திருக்கிறது.

கத்திரி வெயில் முடிகிற சமயத்தில் சென்னையில் இப்படி ஒரு படத்தை யாராவது செல்போனில் எடுத்து விடுகிறார்கள். எடுத்த கையோடு நாலு பேருக்குக் காட்டுகிறார்கள். அங்கேதான் தகராறு ஆரம்பம்!

"ஐயோ பாவம், காக்கா கொத்துது சார்" என்பார் ஒருவர்.

"யோவ், அது காக்காக் குஞ்சுய்யா. தாய் சோறு ஊட்டுது" என்பார் இன்னொருவர்.

"காக்காக் குஞ்சுக்கு வயித்துல ஏதுங்க கோடு? இது ஏதோ பருந்து ஜாதி" என்று அடித்துச் சொல்வார் மூன்றாவது ஆசாமி.

மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. படத்தில் இருப்பது குயில் குஞ்சு! காகம் அதைக் கொத்தவில்லை, ஊட்டுகிறது. ஆனால் அந்தக் காகம் பெற்ற தாய் அல்ல, வளர்ப்புத் தாய்.

நல்ல மனசு, கெட்ட பலன்

டீக்கடை வாக்குவாதம்தானே என்று இதை விட்டு விட முடியாது. ஓர் உயிர் இதில் மாட்டிக் கொண்டிருக்கிறது.

'காக்கை கொத்துகிறது' என்று நினைப்பவர் சும்மா இருப்பாரா? கல்லை எடுத்துக் காகத்தை விரட்டுவார். குஞ்சைப் பிடித்து அட்டைப் பெட்டியில் போடுவார். பாலாடையில் பால் புகட்டுவார்.

எல்லாம் நல்ல மனசோடு செய்கிற காரியம்தான். ஆனால் சோறு கொண்டு வந்தவரை வாசலிலேயே துரத்தி விட்டு, குழந்தைக்குப் பசிக்குதே என்று அழுகிற கதை இது! பறவைக்குப் பால் ஒத்துக் கொள்ளாது. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் அதோடு முடிந்தது.

ஆகவே படத்தில் இருப்பது யார் என்று கண்டுபிடிப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

கூட்டில் நடப்பது என்ன?

குயில் கூடு கட்டாது. காக்கைக் கூட்டில் முட்டை இடும். சில நேரம் ஆண் குயில் பக்கத்தில் வந்து காகங்களின் கவனத்தைத் திருப்பும்; அந்த இடைவெளியில் பெண் குயில் நுழைந்து முட்டையிட்டு விடும். பல சமயம் பெண் குயில் தனியாகவே வந்து காரியத்தை முடித்து விட்டுப் போய் விடும்.

குயில் முட்டை, காக்கை முட்டையை விடச் சிறியது. ஆனாலும் காகம் அதையும் சேர்த்தே அடைகாக்கிறது. காக்கைக் குஞ்சுகளுக்குச் சுமார் மூன்று நாள் முன்னதாகவே குயில் குஞ்சு பொரிந்து விடும். முந்திக் கொண்டவனுக்கு முதல் சோறு!

வேறு சில நாட்டுக் குயில் இனங்களின் குஞ்சுகள், கூட்டில் உள்ள மற்ற முட்டைகளை முதுகால் தள்ளிக் கீழே உருட்டி விடும். நம் ஊர்க் குயில் குஞ்சுக்கு அந்தப் பழக்கம் இல்லை. காக்கைக் குஞ்சுகளோடு ஒன்றாக இருந்து வளரும். ஆரம்பத்தில் காகம் மாதிரியே கத்தவும் செய்யும்.

20 முதல் 28 நாட்களில் கூட்டை விட்டு வெளியே வருகிறது. வந்த பிறகும் காகம் தேடி வந்து ஊட்டுகிறது. செல்போனில் சிக்குவது இந்தச் சமயத்தில்தான்.

இது இன்று நேற்று தெரிந்த சங்கதி அல்ல. வடமொழியில் குயிலுக்கு 'பரபிருதம்' என்றே ஒரு பெயர் உண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்று அர்த்தம்.

கண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

"குயிலுக்குக் கண் ரத்தச் சிவப்பா இருக்குமே, இதுக்கு இல்லையே?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் சிவந்த கண்ணும், வெளிறிய பச்சை அலகும் வளர்ந்த குயிலுக்கு உரியவை. குஞ்சுக்குக் கண் கருமையாக இருக்கும். அலகும் கறுப்பு. ஊரில் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

வாலை வைத்தும் சொல்ல முடியாது. வளர்ந்த குயிலுக்கு நீண்ட வால் உண்டு. கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுக்கோ வால் இன்னும் வளர்ந்திருக்காது. காக்கைக் குஞ்சுக்கும் அதே கதைதான்.

பின்னே எதைத்தான் பார்ப்பது?

முதலில் கால். காகத்துக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சுவரிலோ கிளையிலோ உட்கார்ந்திருக்கும் படத்தைப் பெரிதாக்கி விரலை எண்ணுங்கள். முன்பக்கம் இரண்டுதான் என்றால் அது காகம் இல்லை!

அடுத்தது அலகு. காகத்தின் அலகு தடித்தது, நீளமானது. மூக்குத் துவாரத்தை மயிர் மூடியிருக்கும். குயிலின் அலகு குட்டை. நுனி லேசாகக் கீழே வளையும். மூக்குத் துவாரம் வெளியே தெரியும்.

மூன்றாவது இறகு. இறக்கையிலும் வயிற்றிலும் வெளிறிய பொட்டோ, கோடோ இருந்தால் குயில் என்று சந்தேகிக்கலாம். காக்கைக் குஞ்சின் உடம்பில் பொட்டு, கோடு எதுவும் கிடையாது.

பருந்தா? செம்போத்தா?

கோடு போட்ட வயிற்றைப் பார்த்துப் பருந்து, வைரி என்று சொல்பவர்கள் அலகை மறுபடி பார்க்க வேண்டும். வேட்டைப் பறவைக்குக் குஞ்சிலேயே அலகு கொக்கி போல் வளைந்திருக்கும். கால் நகமும் கூர்மையாக இருக்கும். குயிலுக்கு இரண்டும் கிடையாது.

செம்போத்துக் குஞ்சு கொஞ்சம் குழப்பும். அதுவும் குயில் குடும்பம்தான். அதற்கும் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். ஆனால் இறக்கை செங்கல் நிறம். தவிர, செம்போத்து சொந்தமாகக் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கிற பறவை. அதன் குஞ்சுக்குக் காகம் வந்து ஊட்டாது.

காகத்தை வெட்டி விடாதீர்கள்

படம் எடுப்பவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. குஞ்சு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பக்கத்தில் இருக்கும் காகத்தைப் படத்திலிருந்து வெட்டி விடுகிறார்கள். முக்கியமான சாட்சியே போய் விடுகிறது!

பக்கவாட்டில் ஒரு படம், கால் தெரிய ஒரு படம், காகத்தோடு சேர்த்து ஒரு படம் — இந்த மூன்றும் இருந்தால் பறவை தெரிந்தவர்கள் சட்டென்று சொல்லி விடுவார்கள். தேதியும் இடமும் குறித்து வைப்பது நல்லது. முடிந்தால் ஒரு நிமிஷம் வீடியோ எடுங்கள். கொத்து வாங்கும் பறவை ஒதுங்கும், ஓடும். ஊட்டப்படும் குஞ்சு இறக்கையைப் படபடவென்று அடித்து, வாயைத் திறந்துகொண்டு காகத்தை நோக்கியே போகும். படத்தில் தெரியாத வித்தியாசம் இதில் தெரிந்து விடும்.

கீழே விழுந்து கிடந்தால்?

இறக்கை முளைத்த குஞ்சு தரையில் நின்றால் அநாதை என்று அர்த்தம் இல்லை. பறக்கப் பழகுகிறது. நாய், பூனை, வண்டி தொந்தரவு இருந்தால் மெதுவாக எடுத்துப் பக்கத்துக் கிளையிலோ, சுவரிலோ விட்டு விட்டு விலகிப் போய்விட வேண்டும். மனிதக் கை பட்டால் காகம் ஒதுக்கி விடும் என்பது வெறும் பேச்சு. தலையில் ஒரு குட்டு விழலாம். அதற்கு மட்டும் ஜாக்கிரதை!

நிஜமாகவே இறக்கை ஒடிந்து, ரத்தம் வந்தால் காற்று போகிற அட்டைப் பெட்டியில் வைத்து, சாப்பாடு, தண்ணீர் எதையும் திணிக்காமல், வேளச்சேரி ரோட்டில் உள்ள புளூ கிராசுக்கோ, வனத் துறையினரிடமோ கொண்டு போகலாம். 'அழகாப் பாடுமே' என்று கூண்டில் போட்டு வைக்கும் ஆசை வேண்டாம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

வளர்த்த காகமும் நெடுநாள் கொண்டாடப் போவதில்லை. குஞ்சு தானாக இரை தேடத் தொடங்கியதும் உறவு முடிந்தது. கண் சிவந்து, குரல் மாறிய பிறகு, அதே தெருவில் அதே காகங்கள் அதை விரட்டோ விரட்டு என்று விரட்டும்!

ஆனாலும் கோடையில் மரத்தில் மறைந்துகொண்டு 'குக்கூ' என்று கூவுவது ஆண் குயில். தெருக் காகங்கள் ஊட்டிய சோற்றில் வளர்ந்த தொண்டைதான் அது.