பிக்கப் இல்லாத பிக்கப் வண்டி

கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறியை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ஏறுகிற பிக்கப் வண்டிக்கு, கொண்டை ஊசி வளைவில் திரும்பிய மறுநொடியே இழுவை வேண்டும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி முடித்த பிறகுதான் வண்டி நகர்கிறது. அதற்குள் பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்துவிடுகிறது. மறுநாள் பட்டறையில் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: “வண்டியில பிக்கப் இல்லண்ணே.”

அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. எப்போது தாமதிக்கிறது என்று கேட்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, சூடான பிறகா? காலி வண்டியிலுமா, பாரம் ஏற்றினால் மட்டுமா? கரும்புகை வருகிறதா? பாதி நோய் இந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

என்ஜின் சீறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் சந்தேகம் கிளட்ச் மேல். சற்று தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டும் இல்லை என்றால்தான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து ஒரு கேபிள் நேராக டீசல் பம்புக்குப் போகும். இன்றைய வண்டிகளில் கேபிளே கிடையாது. மிதி எவ்வளவு அமுங்கியது என்பதை இரண்டு சென்சார்கள் தனித்தனியே அளந்து என்ஜின் கணினிக்குச் சொல்கின்றன. இரண்டின் கணக்கும் ஒத்துப்போனால்தான் கணினி நம்பும். ஒத்துப்போகாவிட்டால், பட்டறை வரை ஊர்ந்து போகும் அளவுக்கு மட்டும் சக்தியைத் தரும். இதைத்தான் ‘லிம்ப் மோடு’ என்கிறார்கள். பல சமயம் கோளாறு சென்சாரில்கூட இருக்காது. அதன் இணைப்பில் பிடித்த பச்சைக் களிம்பில் இருக்கும்.

அடுத்தது காற்று. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று தேவை. 2.5 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழன்றால், டர்போவின் உதவி இல்லாமலே அந்த ஒரு நிமிடத்தில் சுமார் 2,500 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். 200 லிட்டர் பேரல் பன்னிரண்டுக்கும் மேல்! செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் போய்வரும் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இந்த மூச்சு திணறும். மாற்றச் செலவு குறைந்த பாகம் இது என்பதால் முதலில் பார்க்க வேண்டியதும் இதுதான்.

வீணாய்ப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளலாம் என்ற யோசனைக்கு, சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். அதுவே இன்றைய டர்போ. அதன் சிறு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அந்த வேகத்தை எட்டப் போதுமான புகை வேண்டும். ஆகவே என்ஜின் மெதுவாகச் சுழலும்போது சிறிது தாமதம் இயல்பே. நான்காவது கியரில் திணறும் வண்டி மூன்றாவதில் உடனே இழுத்தால், பல நேரங்களில் பழுது பார்க்க எதுவுமே இருக்காது.

மூன்றாவதிலும் இழுக்கவில்லை என்றால் டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன் ரப்பர் குழாய்களைப் பார்க்க வேண்டும். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் தடித்த குழாய்களின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், விரலை ஓட்டிப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அதைத் துடைத்துவிட்டுக் குழாயை மடக்கினால் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறக்கும். ஐடிலில் அழுத்தம் இல்லாததால் அது மூடியே கிடக்கும். பாரத்தோடு மேடேறும்போது மட்டும் ‘உஸ்’ என்று காற்றை வெளியே விடும். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய இந்த வெடிப்பு தெரியாமல் டர்போவையே மாற்றிவிட்டால், ஒரு சீசன் வாடகை வருமானம் வீணாகும், கோளாறும் தீராது.

காற்று சரி என்றால் டீசல். ஃபில்டரில் அழுக்கும் தண்ணீரும் சேர்ந்தால் சாதாரண ஓட்டத்தில் வண்டி நன்றாகவே இருக்கும். முழு மிதியில் மட்டும் தளரும். இன்ஜெக்டர்களுக்கு டீசலைக் கொண்டுபோகும் காமன்ரெயில் குழாய்களில் அழுத்தம் பல வண்டிகளில் 1,600 பாரைத் தாண்டுவதால், என்ஜின் ஓடும்போது அவற்றைத் தளர்த்தவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

புகையின் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு, கரி படிந்து திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இழுவை குறையும். அதைத் தகடு வைத்து அடைக்கும் குறுக்குவழி நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் கூட்டும். கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே முறை.

ஸ்கேனரை மாட்டினால் ‘பி 0299’ என்ற கோளாறுக் குறியீடு வரலாம். டர்போ அழுத்தம் குறைவு என்பதே அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்பதல்ல. கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். குழாயை மாற்றி, அந்தக் குறியீட்டை அழித்த பிறகு, காலி வண்டியில் தெருவைச் சுற்றி வந்தால் போதாது. அதே பாரத்தோடு அதே கொண்டை ஊசி வளைவுக்குப் போய் மிதிக்க வேண்டும். திரையில் இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறினால், வேலை முடிந்தது.