எலும்புக் காம்பும் எந்திரக் கையும்

கழுத்தின் பின்புறம் விரல் வைத்துக் கீழ்நோக்கித் தடவினால் தட்டுப்படும் முடிச்சுகள், முள்ளெலும்புகளின் பின்முனைகள். அவற்றுக்குச் சற்று முன்னால், எலும்புகள் சேர்ந்தமைத்த குழாயினுள் தண்டுவடம் இறங்குகிறது. அதன் தடிமன் ஏறத்தாழச் சுண்டுவிரல் அளவே. அறுபட்டால் அது மீண்டும் முன்போல் இணைவதில்லை.

முறிந்த அல்லது வளைந்த முதுகெலும்பை நிலைநிறுத்த மருத்துவர் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றைக் கம்பிகளால் பிணைக்கின்றனர். திருகாணி செல்லும் வழி, முள்ளெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம். மருத்துவர் அதைப் பெடிக்கிள் என்பர். இலத்தீனில் அதன் பொருள் சிறு பாதம். நமக்கோ அது பழத்தின் காம்பையே நினைவூட்டுவதால், இங்குக் காம்பு என்றே வழங்குவோம். நடுமார்புப் பகுதியில் இக்காம்பின் அகலம் பலருக்கு 5 மில்லிமீட்டர் அளவுதான். திருகாணியின் தடிமனும் ஏறத்தாழ அவ்வளவே. உட்புறம் விலகினால் தண்டுவடம். கீழே விலகினால் நரம்பு வேர். முன்னே துளைத்துச் சென்றால் பெருங்குருதிக் குழாய்.

இந்த இடர் கருதியே, 1973இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். அறுவையின் நடுவிலேயே நோயாளியை அரைமயக்க நிலைக்குக் கொணர்ந்து, பாதங்களை அசைக்கச் சொல்வார்கள். அசைந்தால் நலம்! இன்று பல இடங்களில் மயக்கம் தெளிவிக்காமலே, நரம்புவழி மின்துடிப்புகளை அனுப்பித் தொடர்ந்து கண்காணிக்கின்றனர். ஆயினும், இவையெல்லாம் பெரும்பாலும் தீங்கு தொடங்கியபின் எழும் எச்சரிக்கைகள். திருகாணி வழிதவறாமலே தடுப்பது எங்ஙனம்?

இசுரேலின் டெக்னியான் கழகப் பேராசிரியர் மோசே சோகம் குழுவினர் உருவாக்கிய ஸ்பைன் அசிஸ்ட் என்னும் ரோபோவுக்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ரோபோ என்றதும் கத்தி பிடித்த எந்திர மனிதனை நாம் கற்பனை செய்யலாகாது. முன்கூட்டி எடுத்த சி.டி. படத்தில் மருத்துவர் வழியை வகுப்பார். அவ்வழி நோக்கி ஒரு குழலை அசையாமல் பிடித்து நிற்பதே எந்திரத்தின் பணி. துளையிடுவது மனிதக் கைதான்.

ஆனால், 2012இல் வெளியான செருமானிய ஆய்வொன்று வியப்பளித்தது. 60 நோயாளிகளிடம் ஒப்பிட்டதில், வெறுங்கையால் செலுத்தியவற்றுள் 93 விழுக்காடு செவ்வையாக அமைந்தன; ரோபோவின் துணையால் செலுத்தியவற்றுள் 85 விழுக்காடே. எந்திரம் குறியைத் தவறவிட்டது என்று கொள்வதற்கில்லை. சரிவான எலும்புப் பரப்பில் குழலின் முனை வழுக்கியிருக்கலாம் என்பதே ஆய்வாளர் கருத்து. வழுக்குவதை அனுபவமுள்ள கை உடனே உணரும். அந்த எந்திரத்துக்கோ தொடுவுணர்வு இல்லை. நம் கருத்தில், இத்துறையின் மெய்யான சிக்கல் இதுவே.

பின்வந்த ரோபோக்கள் இக்குறையைக் களைய முயன்றன. கேமரா எலும்பில் பொருத்திய குறிகளைத் தொடர்கிறது. கருவியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைச் சிலவற்றில் உணரி அளக்கிறது. பிரான்சில் உருவான துளைகோல் ஒன்று இன்னும் நுட்பமானது. அதன் முனை மின்கடத்துதிறனை அளந்து ஒலியாக்குகிறது. எலும்பின் கெட்டியான புறவோட்டில் ஒலி தாழும். பஞ்சுபோன்ற உட்பகுதியில் இடைநிலை. குருதியை எட்டினால் உயர்ந்து விரையும். மருத்துவர் கண்ணை எடுக்காமல் காதால் எலும்பை அறிகிறார். பாரிசின் சோர்போன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வுணரியை ரோபோவின் கையில் பொருத்தி, எலும்பைத் துளைத்து வெளியேறுமுன் துரப்பணம் தானே நிற்குமாறு பன்றிகளின் முள்ளெலும்புகளில் சோதித்துள்ளனர்.