5 விநாடிக்காக 20 வருடப் போராட்டம்... காக்பிட்டுக்கு இன்னொரு கதவு கேட்கும் அமெரிக்க விமானிகள்!

அமெரிக்க விமானங்களில் போனவர்கள் இந்தக் காட்சியைக் கவனித்திருக்கலாம். பைலட் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் பணிப்பெண் ஒருவர் சாப்பாட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து வழியின் குறுக்கே நிறுத்துவார். அவரும் அங்கேயே நின்றுகொள்வார். பிறகுதான் காக்பிட் கதவு திறக்கும். காபி, டீ தருகிற வண்டிதான் அங்கே பாதுகாப்பு அரண்!

2001 செப்டம்பர் 11 அன்று 4 விமானங்கள் கடத்தப்பட்டன. அதன் பிறகு, துப்பாக்கிக் குண்டையும் தாங்கும் காக்பிட் கதவுகள் கட்டாயமாயின. 2003 ஏப்ரல் வரைதான் கெடு. சரி, எவ்வளவு உறுதியான கதவாக இருந்தால் என்ன? திறந்து கிடக்கும் நேரத்தில் அது கதவே இல்லையே! நீண்ட பயணத்தில் சாப்பாட்டுக்கும் கழிவறைக்குமாகப் பல முறை அதைத் திறந்தே ஆக வேண்டும்.

அந்த நேரத்துக்குத்தான் விமானிகள் இரண்டாவது தடுப்பு ஒன்றைக் கேட்டார்கள். கதவுக்கு முன்னால், தேவைப்படும்போது மட்டும் இழுத்துப் பூட்டுகிற கேட் போன்ற அமைப்பு. 'ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கம் இதற்காக விடாமல் குரல் கொடுத்தது. கூடவே நின்றவர் எலென் சாராசினி. உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் மோதிய யுனைடெட் 175 விமானத்தின் கேப்டன் விக்டர் சாராசினியின் மனைவி. கணவரை இழந்தவர், அதன் பிறகு எம்.பி-க்களைத் தேடிப்போய் இந்தத் தடுப்புக்காகப் பேசினார்.

2018-ல் சட்டம் வந்தது. ஓராண்டுக்குள் உத்தரவு போட வேண்டும் என்றது சட்டம். விதி இறுதியானதோ 2023 ஜூனில்! அந்த விதி கேட்பது ரொம்பப் பெரிய விஷயமும் இல்லை. உள்ளே நுழைய முயல்பவரைக் குறைந்தது 5 விநாடி தாமதப்படுத்த வேண்டும். காக்பிட் கதவைச் சாத்திப் பூட்டிவிட அவ்வளவு நேரம் போதும்.

2025 ஆகஸ்ட் முதல் தயாராகும் புதிய பயணிகள் விமானங்களில் தடுப்பு கட்டாயம் என்று முடிவானது. ஆனால், கெடு நெருங்கிய நேரத்தில் விமான நிறுவனங்கள் இன்னும் இரண்டு ஆண்டு அவகாசம் கேட்டன. கையேடுகளுக்கும் பயிற்சிமுறைக்கும் அனுமதி கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். விமானிகள் சங்கம் எதிர்த்தும், 2026 ஜூலை இறுதி வரை தள்ளிவைத்தது அரசு.

இதெல்லாம் புது விமானங்களுக்கு மட்டும்தான். ஒரு விமானம் 20, 25 ஆண்டுகள்கூட பறக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விமானங்களிலும் தடுப்பைப் பொருத்துவது பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொன்னது 2024-ல் வந்த இன்னொரு சட்டம். விமானிகள் சங்கத்தின் அடுத்த கோரிக்கையும் அதுதான்.