சீட்டுக்கு அடியில் நான்கு பேட்டரிகள்

டில்லியில் மெட்ரோ ரயில் நிலையங்களின் வாசலில் பேட்டரி ரிக்ஷாக்கள் வரிசையாக நிற்கும். இவற்றுக்குப் பெட்ரோல் வேண்டாம். டீசலும் வேண்டாம். பேட்டரியில் உள்ள மின்சாரத்தால் ஓடுகின்றன. மேற்கு வங்காளத்தில் இந்த வண்டிக்கு 'டோட்டோ' என்று பெயர்.

2015-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. இந்த வண்டிகளுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஓட்டுநரைத் தவிர 4 பேர் இதில் போகலாம்.

வண்டி ஓடினால்தான் ஓட்டுநர் வீட்டில் உலை கொதிக்கும். வண்டி ஓடப் பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேட்டரி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

எங்கே இருக்கிறது?

பல வண்டிகளில் பயணிகள் உட்காரும் சீட்டுக்கு அடியில் 4 பேட்டரிகள் இருக்கும். சீட்டைத் தூக்கினால் வெளிப்பக்கம் உள்ளவை தெரியும். உள்ளே தள்ளி இருப்பவை சரியாகத் தெரியாது. கையும் எளிதில் எட்டாது.

ஒரு பேட்டரியில் 6 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூடி. அப்படியானால் 4 பேட்டரிகளுக்கு 24 மூடிகள். அவசரத்தில் எட்டும் மூடிகளை மட்டும் திறந்து தண்ணீர் ஊற்றுவார்கள். எட்டாத அறைகள் காய்ந்து போகும்.

தண்ணீர் ஏன் குறைகிறது?

அறைக்குள் ஈயத் தகடுகள் இருக்கின்றன. அவை ஆசிட் கலந்த நீரில் மூழ்கி இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் தண்ணீர் வாயுவாக மாறி வெளியேறும். வெயிலிலும் சூட்டிலும் இன்னும் குறையும். ஆசிட் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே ஆசிட் ஊற்றக் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். இது கடையில் 'பேட்டரி தண்ணீர்' என்று கிடைக்கும். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. அது தகடுகளைக் கெடுக்கும்.

ஒன்று கெட்டால் என்ன?

ஒரு பேட்டரி 12 வோல்ட். நான்கையும் வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். ஒரே மின்சாரம் நான்கின் வழியாகவும் ஓடுகிறது. நான்கு பேர் கைகோத்து நடக்கிறார்கள். ஒருவருக்குக் கால் நொண்டினால் மற்ற மூவரும் மெதுவாகத்தான் நடக்க முடியும். பேட்டரியும் அப்படித்தான்.

வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால், "நான்கும் போய்விட்டன" என்று ஓட்டுநர் நினைப்பார். கடன் வாங்கிப் புதிது வாங்குவார். உண்மையில் உள்ளே இருந்த ஒன்று மட்டும் காய்ந்து கெட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் மீட்டர் இருக்கும். நான்கையும் தனித்தனியே அளந்தால் எது பலவீனம் என்று தெரிந்துவிடும்.

எப்படிப் பார்ப்பது?

15 நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கோடையில் வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

1. முதலில் முழுவதும் சார்ஜ் ஏற்ற வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கி, வண்டிச் சாவியை அணைக்க வேண்டும்.

2. சீட்டைத் தூக்கி அரை மணி நேரம் காற்றாட விட வேண்டும். சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கும். வெடிக்கவும் செய்யும். பீடி கூடாது. வெளிச்சத்துக்குத் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. டார்ச் விளக்கைப் பயன்படுத்த வேண்டும்.

3. மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிவது நல்லது. ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்ற வேண்டும். ஸ்பேனர் இரண்டு முனைகளை ஒன்றாகத் தொட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

4. மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு உள்ளே விழும்.

5. கை எட்டாத அறைக்கு நீண்ட மூக்குள்ள பிளாஸ்டிக் பாட்டில் உதவும். பிளாஸ்டிக் புனலில் ரப்பர் குழாய் மாட்டியும் ஊற்றலாம். தகடுகள் மூழ்கி இருக்க வேண்டும். விளிம்பு வரை ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் வெளியே வழியும்.

சார்ஜ் ஏற்றும் முன்பே தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும்.

ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

லித்தியம் பேட்டரி உள்ள வண்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. அந்தப் பேட்டரியைத் திறக்கக் கூடாது.

நோட்டில் எழுதினால் லாபம்

பேட்டரிகளின் மேல் பெயிண்டால் 1, 2, 3, 4 என்று எழுதலாம். ஒரு சின்ன நோட்டில் தேதியைக் குறிக்கலாம். எந்த எண் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்றும் எழுதலாம். எண் வரிசைப்படி பார்த்தால் உள்ளே இருப்பது விட்டுப்போகாது.

சில மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் உண்மை தெரியும். 3-ஆம் எண் மட்டும் அதிகம் குடித்தால் அந்தப் பேட்டரியில் கோளாறு இருக்கலாம். நான்குமே அதிகம் குடித்தால் சார்ஜர் அளவுக்கு மீறி ஏற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுதத் தெரிந்தவர் நஷ்டத்தை முன்பே கண்டுபிடிப்பார்.

வீட்டில் கவனம்

மக்கள் தூங்கும் அறையில் சார்ஜ் ஏற்றக் கூடாது. பழைய பேட்டரியை வீட்டில் உடைக்கக் கூடாது. ஈயம் நஞ்சு. அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கலந்து பேச:

பேட்டரிக்கு ஏன் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது?

ஒரு பேட்டரி கெட்டால் மற்ற மூன்றுக்கும் என்ன ஆகும்?

தெரிந்த ஓட்டுநர் ஒருவர் சார்ஜ் ஏற்றும் இடம் காற்றோட்டமாக இருக்கிறதா?